வீட்டுக்குள் செடிக் கூடாரம்: எக்ஸாஸ்ட் விசிறியும் கரி வடிகட்டியும் எந்த அளவில் வாங்குவது?

சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் சிறிய அறையில், 80 சென்டிமீட்டர் நீளமும் அகலமும் 160 சென்டிமீட்டர் உயரமும் உள்ள செடிக் கூடாரம் ஒன்று நிற்கிறது. எதிர்ப் புளோக் வெயிலை மறைத்துவிடுவதால், 100 வாட் எல்.இ.டி. விளக்கின் கீழ்தான் கறிவேப்பிலை, புதினா, கற்பூரவல்லி, தண்டுக்கீரை எல்லாம் வளர்கின்றன. வீட்டுக்கு வருகிறவர்கள் செடியைப் பார்த்துவிட்டு அடுத்ததாகக் கேட்பது விசிறியைப் பற்றித்தான். அந்தக் கேள்விகளையும், நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

மேசை விசிறி ஒன்றை உள்ளே வைத்தால் போதாதா?

போதாது. மேசை விசிறி உள்ளே இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றி வீசும். இலைகள் அசைய, பூஞ்சை பிடிக்காமல் இருக்க, தண்டு உறுதியாக அது வேண்டும்தான். ஆனால் விளக்கு கக்கும் சூடும் இலைகள் விடும் ஈரமும் கூடாரத்துக்குள்ளேயே தங்கிவிடும். அவற்றை வெளியே கொண்டுபோக எக்ஸாஸ்ட் விசிறி வேண்டும். என் கூடாரத்தில் இரண்டும் ஓடுகின்றன.

கூடாரத்தின் கொள்ளளவைக் கணக்கிட்டு விசிறி வாங்கலாமா?

பெரும்பாலானவர்கள் அப்படித்தான் வாங்குகிறார்கள். நம் ஊரில் பெரும்பாலும் அங்கேதான் தவறுகிறார்கள். "நிமிடத்துக்கு ஒரு முறை கூடாரத்துக் காற்று முழுவதும் மாற வேண்டும்" என்பது எங்கும் சொல்லப்படும் விதி. என் கூடாரம் ஏறக்குறைய 1 கன மீட்டர். அந்த விதிப்படி மணிக்கு 61 கன மீட்டர் இழுக்கும் விசிறி போதும்.

இப்போது விளக்கிலிருந்து தொடங்கிக் கணக்குப் போடுங்கள். சுவர்ப் பிளக்கிலிருந்து விளக்கு எடுக்கும் வாட் அளவை 3ஆல் பெருக்குங்கள். அறையைவிடக் கூடாரம் எத்தனை டிகிரி கூடுதலாகச் சூடாக இருக்கலாம் என்று நீங்கள் விரும்புகிறீர்களோ, அந்த எண்ணால் வகுங்கள். கிடைப்பது மணிக்கு எத்தனை கன மீட்டர் காற்று என்பது. அந்த 3 எங்கிருந்து வருகிறது என்றால், ஒரு கன மீட்டர் காற்றை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 1,200 ஜூல் வேண்டும், ஒரு மணிக்கு 3,600 வினாடி. 3,600ஐ 1,200ஆல் வகுத்தால் 3.

என் விளக்கு 100 வாட். 3 டிகிரிக்கு மேல் கூடக் கூடாது என்றால் மணிக்கு 100 கன மீட்டர் வேண்டும். கொள்ளளவு விதி சொன்ன 61இல் நின்றால் கூடாரம் அறையைவிட 5 டிகிரி சூடாகிவிடும். அறை 20 டிகிரியில் இருக்கும் குளிர்நாட்டில் அது 25, செடிக்கு இதம். நம் வீட்டில் பிற்பகல் அறை 31 டிகிரி என்றால் கூடாரம் 36. புதினா அதைத் தாங்காது. ஒரே விதி, ஒரே கூடாரம், ஒரே விளக்கு. ஊர் மாறியதும் விதி பொய்த்துவிடுகிறது.

இலை அடர்ந்த செடிகள் வெப்பத்தில் ஒரு பகுதியை நீராவியாக மாற்றிவிடும் என்பதால் உண்மையில் சூடு கணக்கைவிடச் சற்றுக் குறைவாகவே ஏறும். அதை நம்பிச் சிறிய விசிறி வாங்காதீர்கள். நாற்று விட்ட முதல் சில வாரங்களில் அந்த உதவி கிடைக்காது.

பெரிய விசிறி போட்டால் கூடாரத்தை அறையைவிடக் குளிர வைக்க முடியுமா?

முடியாது. உள்ளே வருவது அறையின் காற்று. எத்தனை பெரிய விசிறியும் கூடாரத்தை அறையின் சூட்டுக்கு அருகே கொண்டுவரும், அவ்வளவுதான். 3 டிகிரியை 1.5 ஆக்க இருமடங்கு காற்று வேண்டும், அதை 0.75 ஆக்க மறுபடியும் இருமடங்கு. சத்தத்துக்கும் காசுக்கும் கிடைக்கும் பலன் குறைந்துகொண்டே போகும்.

அதைவிட எளிய வழி இருக்கிறது. விளக்கை இரவில் எரியவிடுங்கள். நான் மாலை 7 மணிக்கு ஏற்றி காலை 9 மணிக்கு அணைக்கிறேன். அறை சில டிகிரி குளிர்ந்திருக்கும் நேரம் அது. விளக்கின் மின்மாற்றிப் பெட்டியைக் கழற்றி வெளியே வைக்க முடிந்தால் அதன் சூடும் கூடாரத்துக்குள் வராது. முக்கியமாக, நம் தட்பவெப்பத்துக்கு ஏற்ற செடியைத் தேர்ந்தெடுங்கள். கங்குங், தண்டுக்கீரை, பசலை, கறிவேப்பிலை ஆகியவை 32 டிகிரியில் மகிழ்ச்சியாக வளரும். கொத்தமல்லியும் லெட்டூஸும் சூட்டில் சீக்கிரம் பூத்துக் கசந்துபோகும். அவற்றுக்காக விசிறியைப் பெரிதாக்குவது வீண்.

பெட்டியில் "மணிக்கு 190 கன மீட்டர்" என்று போட்டிருக்கிறது. அதை நம்பலாமா?

அந்த எண் குழாயும் வடிகட்டியும் மாட்டாமல், தடையே இல்லாத நிலையில் அளந்தது. நான் முதலில் வாங்கிய விசிறியின் பெட்டியிலும் 190 என்றுதான் இருந்தது. வாசனையைப் பிடிக்கும் கரி வடிகட்டி, இரண்டு மீட்டர் மடக்குக் குழாய், இரண்டு வளைவு எல்லாம் மாட்டிய பிறகும் கூடாரம் கொதித்தது. எனக்குப் புரியவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அளந்து பார்த்தேன்.

50 சென்டிமீட்டர் நீளம், 40 அகலம், 40 உயரமுள்ள அட்டைப்பெட்டி ஒன்று வீட்டில் இருந்தது, 80 லிட்டர். பெரிய கறுப்புக் குப்பைப்பை ஒன்றைக் காற்றில்லாமல் தட்டி அந்தப் பெட்டிக்குள் போட்டு, பையின் வாயைக் குழாய் முனையோடு சேர்த்து ஒரு கையால் இறுக்கிப் பிடித்தேன். மகள் கைப்பேசியில் படம்பிடித்தாள். விசிறி முழு வேகத்தில் ஓட, பை மெல்லப் புடைத்தது. அடி மூலைகள் நிரம்பின, பக்கங்கள் அட்டையில் ஒட்டின, கடைசியாகப் பெட்டியின் மேல்விளிம்பைத் தொட்டது. காணொளியை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் சரியாக 5 வினாடி. 80 லிட்டரை 5ஆல் வகுத்தால் வினாடிக்கு 16 லிட்டர், 3.6ஆல் பெருக்கினால் மணிக்கு 58 கன மீட்டர். பெட்டியில் அச்சிட்டிருந்ததில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

இந்தச் சோதனையை நீங்களும் செய்து பாருங்கள். அதே பெட்டி 3 வினாடியில் நிரம்பினால் மணிக்கு 96 கன மீட்டர் கிடைக்கிறது என்று பொருள்.

வாங்கும்போது அழுத்த வரைபடத்தைக் கேளுங்கள். எவ்வளவு தடைக்கு எதிராக எவ்வளவு காற்றைத் தள்ளும் என்பதை அது பாஸ்கல் அளவில் காட்டும். 100 பாஸ்கல் தடையில் எவ்வளவு காற்று என்று பாருங்கள். வரைபடம் கிடைக்காவிட்டால் நான் வைக்கும் கழிவு இது: வடிகட்டிக்குக் கால் பங்கு, குழாய்க்கும் வளைவுகளுக்கும் 15 விழுக்காடு. 100 கன மீட்டர் வேண்டுமென்றால் 100ஐ 0.75ஆலும் 0.85ஆலும் வகுங்கள், ஏறக்குறைய 157. அழுத்தம் தாங்கும் விசிறிக்குத்தான் இந்தக் கணக்கு பொருந்தும். என் முதல் விசிறி அந்த இனத்தில் சேராதது.

குளியலறைச் சுவரில் மாட்டும் விசிறி, கணினி விசிறி இவற்றைப் பயன்படுத்தலாமா?

வடிகட்டி இல்லாமல், குழாய் இல்லாமல், 30 வாட் விளக்குக்கு என்றால் கணினி விசிறியே போதும். கரியின் வழியாக இழுக்க இவை உதவாது. நேராக வீசும் இறக்கை கொண்ட விசிறிகள் தடை வந்தால் சுழன்றுகொண்டே இருக்கும், காற்று மட்டும் நகராது. குழாயின் நடுவே பொருத்தும் கலப்பு ஓட்ட விசிறி அல்லது மையவிலக்கு விசிறி வாங்குங்கள். சிறிய கூடாரத்துக்கு 100 மில்லிமீட்டர் குழாய் போதும். அதில் மணிக்கு 100 கன மீட்டர் போனால் காற்றின் வேகம் வினாடிக்கு மூன்றரை மீட்டர்தான், இரைச்சல் அதிகம் இராது. 200 வாட்டைத் தாண்டினால் 150 மில்லிமீட்டருக்குப் போங்கள்.

கரி வடிகட்டி கட்டாயமா?

இல்லை. வாசனைத் தொல்லை இருந்தால்தான் அது வேண்டும். கீரையும் கறிவேப்பிலையும் யாருக்கும் தொல்லை தருவதில்லை. வடிகட்டி இல்லாமலே ஓட்டினால் விசிறியின் வலிமையில் கால் பங்கு மிச்சம்.

நான் மாட்டியிருப்பதற்குக் காரணம் மீன் அமிலம். மீன் கழிவையும் வெல்லத்தையும் ஊறவைத்துச் செய்யும் அந்த உரத்தைத் தெளித்த அன்று, நடைபாதையில் போகிறவர்கள் மூக்கைப் பிடித்தார்கள். எதிர்வீட்டு மலாய் அம்மா, வீட்டில் எலி எதுவும் செத்துக்கிடக்கிறதா என்று அக்கறையோடு வந்து கேட்டார். மாட்டெரு, பஞ்சகவ்யம், தேங்கிய ஊட்டக் கரைசல் இவையும் அப்படித்தான். முதலில் உரத்தை மாற்ற முடியுமா என்று பாருங்கள், முடியாவிட்டால் வடிகட்டி.

வடிகட்டி எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும்?

வாசனை மூலக்கூறுகள் கரியில் ஒட்டிக்கொள்ள நேரம் வேண்டும். காற்று கரிப் படுகைக்குள் பத்தில் ஒரு வினாடியாவது தங்கட்டும். மணிக்கு 100 கன மீட்டர் என்பது வினாடிக்கு 28 லிட்டர். அதில் பத்தில் ஒரு பங்கு 2.8 லிட்டர் கரி. எடையில் ஏறக்குறைய 1.3 கிலோ. ஆகவே கடையில் வடிகட்டியைக் கையில் தூக்கிப் பாருங்கள். உலோகக் கூட்டோடு சேர்த்தே ஒரு கிலோ எடை இல்லாத வடிகட்டியில் போதிய கரி இருக்க வழியில்லை. வடிகட்டியில் குறித்திருக்கும் காற்றளவு, விசிறி உண்மையில் தள்ளும் அளவுக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கட்டும். பெரிய வடிகட்டி தடையையும் குறைக்கும், நாளும் தாங்கும். விசிறியில் மிச்சம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள்.

நம் ஊர் ஈரத்தில் கரி வேலை செய்யுமா?

இந்தக் கேள்வியை இன்னும் நிறையப் பேர் கேட்க வேண்டும். காற்றின் ஈரப்பதம் 70, 75 விழுக்காட்டைத் தாண்டினால் நீர் மூலக்கூறுகளே கரியின் நுண்துளைகளில் குடியேறிவிடும். வாசனைக்கு இடம் இராது. சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். மழை இரவுகளில் 90ஐத் தாண்டும்.

இங்கே விளக்கின் சூடே உதவிக்கு வருகிறது. 30 டிகிரியில் 80 விழுக்காடு ஈரமுள்ள காற்றை 33 டிகிரிக்குச் சூடாக்கினால், அதே நீராவிக்கு ஈரப்பதம் 68 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். கரி விழித்துக்கொள்ளும். ஆகவே வடிகட்டியைக் கூடாரத்தின் உச்சியில், சூடான காற்று சேரும் இடத்தில் தொங்கவிடுங்கள். உரம் ஊற்றுவதை விளக்கு எரியும் நேரத்தில் செய்யுங்கள். விளக்கு அணைந்தபின் கூடாரம் 90 விழுக்காட்டுக்கு ஏறும்; அப்போது நான் விசிறியைக் குறைந்த வேகத்தில் ஓடவிடுகிறேன், நிறுத்துவதில்லை. நிறுத்தினால் மறுநாள் கறிவேப்பிலைத் தண்டில் வெண்பூஞ்சை நிற்கிறது. செடிகளை நெருக்கி அடுக்கினால் அவை விடும் ஈரம் இந்தக் கணக்கைக் கெடுத்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

விசிறி இழுக்கும்படி வைப்பதா, தள்ளும்படி வைப்பதா?

இழுக்கும்படி. வடிகட்டி முதலில், விசிறி அடுத்து, குழாய் கடைசி. வடிகட்டியின் வெளித்துணி தூசியைப் பிடித்து விசிறியைக் காக்கும்.

வெளியேறும் காற்றை எங்கே விடுவது?

குளிர்சாதனம் இல்லாத அறையாக இருந்தால் சன்னல் வழியாக வெளியே விடுங்கள். நகரும் சன்னலின் இடைவெளிக்கு ஏற்ப ஓர் அக்ரிலிக் பலகையை வெட்டி, நடுவில் குழாய்க்கு ஓட்டை போட்டால் போதும். பலகையை உள்பக்கமாகக் கட்டுங்கள், கீழே விழ வாய்ப்பே இருக்கக் கூடாது. பொது நடைபாதைப் பக்கம் விடாதீர்கள். பக்கத்து வீட்டுச் சன்னலுக்கு நேராகவும் வேண்டாம்.

குளிர்சாதன அறை என்றால் கணக்கு தலைகீழ். மணிக்கு 100 கன மீட்டர் காற்றை வெளியே தள்ளினால், அதே அளவு வெளிக்காற்று கதவிடுக்குகள் வழியாக வீட்டுக்குள் வரும். 30 டிகிரி, 80 விழுக்காடு ஈரம் கொண்ட அந்தக் காற்றை 25 டிகிரி, 60 விழுக்காட்டுக்குக் கொண்டுவரக் குளிர்சாதனம் ஏறக்குறைய ஒரு கிலோவாட் வெப்பத்தை அகற்ற வேண்டும். விளக்கின் வெப்பமோ வெறும் 100 வாட். ஒரு பங்கை வெளியேற்றப் போய்ப் பத்து மடங்கை உள்ளே இழுத்த கதை. ஆகவே அங்கே கூடாரத்துக் காற்றை வடிகட்டி வழியாக அறைக்குள்ளேயே விடுங்கள். விளக்கின் சூட்டைக் குளிர்சாதனமே பார்த்துக்கொள்ளும்.

ஈரமான கூடாரக் காற்றைக் குளிர் அறையின் ஊடே குழாயில் கொண்டுபோனால் இன்னொரு தொல்லையும் உண்டு. 30 டிகிரியில் 80 விழுக்காடு ஈரமுள்ள காற்று 26 டிகிரியிலேயே வியர்க்கத் தொடங்கும். குழாயின் உட்சுவரில் நீர் கோத்து விசிறிக்குள் சொட்டும். விசிறி மேலே, குழாயின் மறுமுனை சற்றுக் கீழே என்று சாய்த்துக் கட்டுங்கள்.

வெடிகுண்டுப் புகலிடமாகக் கட்டப்பட்ட சாமான் அறையில் கூடாரம் போடலாமா?

விசிறியோடு என்றால் வேண்டாம். 1998க்குப் பிறகு வடிவமைக்கப்பட்ட வீவக வீடுகளில் இருக்கும் அந்த அறையின் காற்றுத் துளைகள் பாதுகாப்பு அமைப்பின் ஒரு பகுதி. அவற்றை மறைக்கவோ மாற்றவோ, குழாய்க்காகச் சுவரைக் குடையவோ கூடாது. குடிமைத் தற்காப்புப் படையின் விதி இதில் தெளிவாகவே இருக்கிறது.

புகைமூட்ட நாட்களில் என்ன செய்வது?

2013 ஜூன் 21 அன்று காற்றுத்தரக் குறியீடு 401ஐத் தொட்டதை இங்கே இருந்த எவரும் மறந்திருக்க மாட்டோம். அத்தகைய நாட்களில் சன்னலைச் சாத்திவிட்டு எக்ஸாஸ்ட் விசிறியை வெளியே ஊதவிட்டால், அது வீட்டின் ஒவ்வோர் இடுக்கு வழியாகவும் புகையை உள்ளே இழுக்கும். செடியைவிட வீட்டில் இருக்கும் முதியவர்களின் நுரையீரல் முக்கியம். குழாயை அறைப்பக்கம் திருப்பி, விளக்கின் ஒளியைப் பாதியாகக் குறைத்து, புகை விலகும் வரை ஓட்டுங்கள். கரி வடிகட்டி நுண்துகளைப் பிடிக்காது; அதற்குத் தனியே காற்றுத் தூய்மைக் கருவி வேண்டும்.

சத்தத்தைக் குறைக்க வழி உண்டா?

தேவைக்குமேல் பெரிய விசிறியை வாங்கி மெதுவாக ஓட்டுங்கள். வேகம் பாதியானால் காற்றும் பாதியாகும். சத்தமோ ஏறக்குறைய 15 டெசிபெல் இறங்கும், மின்சாரம் எட்டில் ஒரு பங்காகும் என்பது விசிறிகளின் இயல்பு. வேகத்தை மாற்ற மின்னணு மோட்டார் கொண்டதை வாங்குங்கள். பழைய வகை மோட்டாரை விளக்கின் ஒளிகுறைக்கும் சுவிட்சில் மாட்டினால் முனகும், சூடேறும். விசிறியைக் கம்பியில் இறுக்கிக் கட்டாமல் ரப்பர் பட்டையில் தொங்கவிடுங்கள். மடக்குக் குழாயை முழுக்க இழுத்து நேராக்கி, மிச்சத்தை வெட்டிவிடுங்கள். சுருக்கங்களில்தான் காற்று இரைகிறது.

உள்ளே வரும் காற்றுக்கு ஓர் ஓட்டை போதுமா?

வெளியேறும் குழாயின் பரப்பைப்போல் இரண்டு மூன்று மடங்கு திறப்பு கீழ்ப்பகுதியில் வேண்டும். வெள்ளை ஈயும் மாவுப்பூச்சியும் வராமல் இருக்க வலை கட்டினால் இன்னும் பெரிதாக விடுங்கள். சரியாக இருந்தால் கூடாரத்தின் துணிச்சுவர் லேசாக உள்பக்கம் ஒட்டிக் குழியும். ஊதுபத்தி ஒன்றை ஏற்றி ஜிப்களின் ஓரமாகக் கொண்டுபோய்ப் பாருங்கள். எல்லா இடத்திலும் புகை உள்ளே போனால் வாசனை வெளியே கசியாது.

சிப்பிக் காளானுக்கும் இதே கணக்குதானா?

இல்லை. அங்கே சூடு பிரச்சினையே அல்ல. காளான் விடும் கரியமில வாயு தேங்கினால் காம்பு நீண்டு குடை சிறுத்துப் போகும். அதற்காகத்தான் காற்று மாற வேண்டும். காளான் உதிர்க்கும் வித்துத்தூள் இன்னும் பெரிய கவலை. நாள்தோறும் சுவாசித்தால் நுரையீரலில் ஒவ்வாமை அழற்சி வரக்கூடும், கரி அதை நம்பத்தக்க வகையில் தடுக்காது. நுண்துகள் வடிகட்டி வையுங்கள், குடையின் விளிம்பு மேல்நோக்கி மடங்குவதற்கு முன்பே அறுவடை செய்யுங்கள், படுக்கையறையில் வளர்க்கவே வேண்டாம்.

வெளிநாட்டு இணையக் கடையில் மலிவாகக் கிடைப்பதை வாங்கலாமா?

230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 120 வோல்ட் விசிறியை நம் பிளக்கில் மாட்டினால் கருகிவிடும். 60 ஹெர்ட்ஸில் அளந்த எண் போட்டிருந்தால், பழைய வகை மோட்டார் இங்கே ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும். மின்னிணைப்பிகளில் பாதுகாப்பு முத்திரை இருக்கட்டும். தண்ணீர் ஊற்றும் இடம் இது. அந்தக் கடைகளின் அளவு அட்டவணைகளையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பல, குளிர்நாட்டில் கஞ்சா வளர்ப்பவர்களுக்காகப் போட்டவை. அந்தச் செடியை வளர்ப்பது சிங்கப்பூரில் கடுமையான குற்றம்.

மாதச் செலவு எவ்வளவு ஆகும்?

20 வாட் விசிறி நாள் முழுவதும் ஓடினால் மாதம் 14.4 யூனிட். யூனிட் 30 காசு என்று வைத்தால் 4 வெள்ளி 32 காசு. விளக்கு 14 மணி நேரம் எரிந்தால் 42 யூனிட், 12 வெள்ளி 60 காசு.

வடிகட்டியை எப்போது மாற்றுவது?

வெளித்துணியை மாதம் ஒருமுறை கழற்றித் துவைத்து, முழுக்கக் காய்ந்தபின் மாட்டுங்கள். ஈரத்தோடு மாட்டினால் அந்த நீர் நேராகக் கரிக்குத்தான் போகும். கரியைக் கழுவக் கூடாது. குப்பைப்பைச் சோதனையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்து தேதியோடு எழுதி வையுங்கள். பை நிரம்பும் நேரம் கூடிக்கொண்டே போனால் தூசி அடைத்திருக்கிறது என்று தெரிந்துவிடும். காற்று குறையாமலே வாசனை மட்டும் வருகிறது என்றால், விளக்கை ஏற்றி இரண்டு மணி நேரம் பொறுத்து மறுபடி முகர்ந்து பாருங்கள். அப்போது வாசனை நின்றால் கரி நனைந்திருந்தது. அப்போதும் வந்தால் புதிய வடிகட்டி வாங்கும் நேரம் வந்துவிட்டது.